சலைன் பம்பின் டிரைவர்கள்

கோவைக்கு வெளியே ஒரு பட்டறையில் பெரியநாயகி அம்மா சலைன் பம்ப் செய்துகொண்டிருந்தார். நோயாளியின் கட்டிலோரம் நின்று, நரம்புக்குள் மருந்தை அளவாகத் தள்ளுகிற எந்திரம் அது. அம்மா முன்பு நர்ஸாக இருந்தவர். அவரிடம் மென்பொருள் கற்றுக்கொள்ளப் பலர் வந்தார்கள், சிலர்தான் நிலைத்தார்கள். அம்மாவுக்கு விளக்கிச் சொல்லும் பழக்கம் கிடையாது. கேள்வி கேட்டால் எதையாவது பிடுங்கிவிடுவார்.

சீடர் தெய்வசிகாமணி அம்மாவைவிட வயதில் மூத்தவர். நூற்பாலை எந்திரங்களுக்குக் காலமெல்லாம் புரோகிராம் எழுதிவிட்டு வந்தவர். வேகம் என்றால் அவருக்கு உயிர். அவர் எழுதிய முதல் பம்ப் குழந்தைகள் வார்டுக்குப் போவதாக இருந்தது. அந்தப் பெருமையில் மனுஷனுக்குத் தரையில் கால் பாவவில்லை.

"டிரைவர் எல்லாத்தையும் ஒண்ணா கெர்னலுக்குள்ளயே சேத்துட்டேனுங்கம்மா" என்றார். டிரைவர் என்பது ஒவ்வொரு பாகத்தையும் இயக்குகிற சின்னப் புரோகிராம்; கெர்னல், எல்லாவற்றையும் தாங்குகிற நடுப் புரோகிராம். "மோட்டார், திரை, குமிழ் சென்சார், பிரிண்டர், எல்லாம் ஒரே இடம். தனித்தனியா வெச்சா ஒண்ணோட ஒண்ணு பேசிக்கறதுலயே நேரம் போயிருதுங்க. எதுக்குங்க பிரிக்கணும்?"

பம்ப் ஒரு வாளிக்குள் சலைனைத் தள்ளிக்கொண்டிருந்தது. அம்மா எழுந்து போய், ஓடிக்கொண்டிருந்த பிரிண்டரின் வயரைப் பிடுங்கினார்.

திரை இருண்டது. மோட்டார் நின்றது. வாளியில் சொட்டு விழவில்லை.

தெய்வசிகாமணி ஓடிப் போய்ப் பார்த்தார். பிரிண்டர் டிரைவரில் ஒரு சின்னத் தவறு. அது மொத்தத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்திருந்தது.

"அது வெறும் பிரிண்டருங்கம்மா" என்றார்.

"அதைப் பம்புகிட்டச் சொல்லுங்க" என்றார் அம்மா.

சீடர் வீட்டுக்கே போகாமல் உட்கார்ந்தார். கெர்னலிலிருந்து டிரைவர்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் தனி அறை, தனிக் கதவு. ஒன்று விழுந்தால் மற்றதைத் தொடாது. வேகம் கொஞ்சம் குறைந்தது. மனசு கேட்காவிட்டாலும் பொறுத்துக்கொண்டார்.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. எந்திரம் வாசலைத் தாண்டும் முன், அதை எழுதியவர் தன் கையையே அதற்குக் கொடுக்க வேண்டும். உள்ளே போவது வெறும் சலைன்தான். ஆனால் கை தன் கை.

தெய்வசிகாமணி சட்டையை மடித்துவிட்டு உட்கார்ந்தார். அம்மா ஒரே குத்தில் ஊசியை ஏற்றி பிளாஸ்திரி ஒட்டினார். மேலே தொங்கிய பையில் சலைன் அடிமட்டத்தில் இருந்தது. தீர்ந்து குழாயில் காற்று வந்தாலும், குமிழ் சென்சார் கண்டுபிடித்து மோட்டாரை நிறுத்திவிடும் என்ற தைரியத்தில் சீடர் கவலைப்படவில்லை.

அம்மா பிரிண்டர் வயரைப் பிடுங்கினார். பம்ப் ஓடியது.

"இப்ப எத்தனை வயரை வேணாலும் புடுங்குங்கம்மா" என்று சிரித்தார் சீடர்.

அம்மா குனிந்து இன்னொரு வயரைப் பிடுங்கினார். அது குமிழ் சென்சாருடையது. அதன் டிரைவர் தன் அறைக்குள்ளேயே சத்தமில்லாமல் விழுந்தது; விழுந்த செய்தி மோட்டாருக்கும் போகவில்லை, திரைக்கும் போகவில்லை. மோட்டார் ஓடியது. திரையில் பச்சை விளக்கு எரிந்தது. கீழே 'எல்லாம் சரி' என்று எழுத்து.

"பாத்தீங்களா, ஒண்ணுமே ஆகல" என்றார் தெய்வசிகாமணி. பெருமையில் கழுத்து நிமிர்ந்திருந்தது.

அம்மா பையைப் பார்த்தார். சீடரும் பார்த்தார். பை தீர்ந்திருந்தது.

குழாயின் மேல்முனையில் காற்று நுழைந்தது. முதலில் விரற்கடை நீளம். பிறகு ஒரு சாண். தெளிந்த நீரைத் தனக்கு முன்னால் தள்ளிக்கொண்டு எந்திரத்துக்குள் போயிற்று. இந்தப் பக்கம் வெளியே வந்தது. அவர் எழுதிய மோட்டார் டிரைவர் ஒரு இம்மிகூடப் பிசகாமல் அதை அவர் கையை நோக்கித் தள்ளியது.

"அம்மா, நிக்கலைங்க" என்றார். "காத்து வருதுங்கம்மா. நிக்க மாட்டேங்குது."

மறுகையால் குழாயைப் பிடிக்க நினைத்தார். விரல்கள் கேட்கவில்லை. பயத்தில் உடம்பு மரத்துப்போயிருந்தது. வார்டில் இந்த இடத்தில் ஒரு குழந்தை படுத்திருக்கும். காற்று வருகிறது என்று சொல்லக்கூட அதற்குத் தெரியாது.

ஊசிக்கு நாலு விரல் இருக்கும்போது அம்மா குழாயை மடித்துப் பிடித்தார். மறுகையால் மோட்டாரை நிறுத்தினார். ஊசியை உருவி, பஞ்சை வைத்து அழுத்தினார்.

சீடர் பஞ்சைத் தானே பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"சேத்து வெச்சேன், தப்புன்னீங்க. பிரிச்சு வெச்சேன், என்னையே கொன்னிருக்கும். எதுங்கம்மா சரி?"

அம்மா திரையைக் காட்டினார். பச்சை விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"அது யாரைக் கேட்டுட்டு எரியுதுங்க?"