காரில் போன பூனையும் கொக்கியைத் திறந்த குரங்கும்

ஒரு காட்டின் நடுவே தார்ச்சாலை ஒன்று போனது. பகலில் அதில் லாரியும் காரும் ஓடும். மாலை ஆறு மணி ஆனால் காட்டின் இரண்டு முனையிலும் வனக்காவலர்கள் தடுப்பை இறக்கிவிடுவார்கள். அதன்பிறகு அந்தச் சாலை யானைக்கும் சிறுத்தைக்கும்தான்.

குழந்தைகளே, அந்தச் சாலையில் ஒரு நாள் ஒரு பூனை காரில் போனது.

பூனையின் பெயர் வெல்லம். நிறமும் வெல்லத்தின் நிறம்தான். அதனுடன் பூபதி என்ற நாயும் போனது. பூபதி எதையும் நம்பும். வெல்லம் எதையும் எளிதில் நம்பாது. இரண்டையும் வளர்த்தவள் தமயந்தி. அவளுக்கு மலைக்கு அப்பால் ஓர் ஊருக்கு வேலை மாற்றல் ஆகியிருந்தது. கணவன் இளங்கோவன் காரை ஓட்டினான். போய்ச் சேர இரண்டு நாள் ஆகும்.

மாற்றல் என்றால் என்ன என்று பூனைக்குத் தெரியுமா? வெல்லம் கண்டதெல்லாம் வேறு. நான்கு நாளைக்கு முன் கட்டில் காணாமல் போனது. பிறகு பீரோ போனது. அது ஏறிப் படுத்துக்கொள்ளும் அரிசி டிரம்மையும் இரண்டு ஆட்கள் தூக்கி லாரியில் வைத்தார்கள். காலிச் சமையலறையில் தன் குரலே தனக்குத் திரும்பிக் கேட்டது. கிளம்பும் நாள் காலையில் சோறு வைக்கவில்லை. வயிறு நிறைந்திருந்தால் வண்டியில் வாந்தி எடுக்கும் என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருந்தார். அதை யார் பூனைக்குச் சொல்வது?

சோற்றுக்குப் பதில் கூண்டு வந்தது. வெல்லத்தைப் பிடித்து உள்ளே விட்டுக் கொக்கியை மாட்டிவிட்டார்கள்.

வளைவுக்கு வளைவு கார் சாயும்போதெல்லாம் வெல்லம் கூண்டில் விரித்திருந்த துண்டை நகத்தால் பற்றிக்கொண்டது. கத்திக் கத்தித் தொண்டை வறண்டது.

"நம்மை எங்கே கொண்டுபோகிறார்கள்?" என்று பூபதியைக் கேட்டது.

"தெரியாது."

"தெரியாமல் எப்படி உன்னால் சும்மா உட்கார முடிகிறது?"

"அவர்களும் கூடத்தானே வருகிறார்கள்" என்று சொல்லிவிட்டு பூபதி ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டது.

வெல்லத்துக்கு அந்தப் பதில் போதவில்லை.

மாலை நான்கரை மணிக்கு நடுக்காட்டில் ஒரு டீக்கடை அருகே கார் நின்றது. இளங்கோவன் டீ வாங்கப் போனான். தமயந்தி பூபதியைக் கயிற்றில் பிடித்து ஒரு மரத்தடிக்கு அழைத்துப் போனாள். உள்ளே புழுங்குமே என்று காரின் பின்கதவைத் திறந்து வைத்திருந்தாள். அதுதான் பிழையாகிவிட்டது.

மரத்தின் மேல் ஒரு குரங்கு இருந்தது. கூண்டுக்குப் பின்னால் செருகியிருந்த துணிப்பையை அது பார்த்துவிட்டது. பையில் பிஸ்கட்டும் பழமும் இருந்தன. ஆனால் கூண்டை இழுத்தால் பூனை கத்தும், பூனை கத்தினால் நாய் ஓடிவரும். குரங்கு ஒரு கணம் யோசித்தது. பிறகு ஓசையில்லாமல் இறங்கி வந்து கூண்டின் அருகே குந்தியது.

"முகம் ஏன் இப்படி வாடிக் கிடக்கிறது, தங்கையே? ஏதாவது சாப்பிட்டாயா?"

காலையிலிருந்து வெல்லத்தை யாரும் இப்படிக் கேட்கவில்லை.

"இல்லை. இன்றைக்குச் சோறே வைக்கவில்லை" என்றது.

"வீட்டில் சாமான்கள் எல்லாம் இருந்தனவா?"

"ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்விட்டார்கள்."

"உன்னோடு வேறு யாரும் வரவில்லையா?"

"ஒரு நாய் வந்தது. அதை மட்டும் வெளியே கூட்டிப் போயிருக்கிறார்கள்."

குரங்கு தலையை இருபுறமும் ஆட்டியது. பிறகு பெருமூச்சு விட்டது.

"எப்படிச் சொல்வேன்? சோறு வைக்கவில்லை. வீட்டைக் காலி செய்துவிட்டார்கள். நாயை நடக்க விட்டு உன்னை மட்டும் பூட்டி வைத்திருக்கிறார்கள். இந்தக் காட்டில் இப்படி வந்த பூனைகள் எத்தனையோ. அடுத்த பாலத்தில் காரை நிறுத்துவார்கள். கூண்டைக் கவிழ்த்துவிட்டுப் போய்விடுவார்கள்."

வெல்லத்தின் மயிர் சிலிர்த்தது. நான்கு நாளாக மனத்தில் புரண்டுகொண்டிருந்த பயத்துக்கு இப்போது உருவம் கிடைத்துவிட்டது.

"நான் என்ன செய்யட்டும்?"

"கொக்கியை நான் எடுத்துவிடுகிறேன். சாலைக்கு அடியில் மழைத்தண்ணீர் போகிற குழாய் தெரிகிறதா? அதற்குள் போய் ஒளிந்துகொள். ஒன்றை மட்டும் மறக்காதே. உன்னைப் பெயர் சொல்லி அழைப்பார்கள். அன்பாகத்தான் அழைப்பார்கள். போய்விடாதே. பிடித்துக்கொண்டுபோய்ப் பாலத்தில் விடத்தான் அது."

கொக்கி கழன்றது. வெல்லம் அம்பாகப் பாய்ந்து குழாய்க்குள் புகுந்தது. குரங்கு பையைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறியது.

குழாய்க்குள் இருட்டும் ஈரமுமாக இருந்தது. ஏதோ ஒரு பெரிய விலங்கின் வாடையும் அடித்தது. மேலே லாரி போகும்போது குழாய் முழுவதும் அதிர்ந்தது. வெல்லம் தன் வயிற்றோடு வாலைச் சுருட்டி உட்கார்ந்தது. கூண்டில் இருந்தபோது பட்ட பயம் இதில் பாதிகூட இல்லை.

கொஞ்ச நேரத்தில் தமயந்தியின் குரல் கேட்டது.

"வெல்லம்… வெல்லம்மா… வாடி கண்ணு."

அன்பாகத்தான் அழைத்தாள். குரங்கு சொன்னது சொன்னபடியே நடக்கிறது என்று வெல்லம் இன்னும் உள்ளே நகர்ந்துகொண்டது.

அவர்கள் காருக்கு அடியில் பார்த்தார்கள். டீக்கடைக்குப் பின்னால் பார்த்தார்கள். பூபதி குரைத்தால் வெல்லம் மிரண்டு ஓடிவிடும் என்று அதைக் காரில் ஏற்றிக் கதவைச் சாத்தினார்கள். ஐந்து மணி ஆயிற்று. டீக்கடைக்காரர் பலகையை மாட்டிக் கடையை மூடிவிட்டு, இருட்டும் முன் போய்விடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். சற்று நேரத்தில் வனக்காவலர் ஒருவர் பைக்கில் வந்தார். காட்டு முனைக்கு இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கிறது, ஐந்தரைக்காவது கிளம்பினால்தான் தடுப்பைத் தாண்டலாம் என்றார். நேற்று இதே வளைவில் சிறுத்தையைப் பார்த்ததாகவும் சொல்லிவிட்டு, அவர்கள் கிளம்பும் வரை அங்கேயே நின்றார்.

இளங்கோவன் தமயந்தியின் அருகே போனான். இப்போது போய்விட்டு நாளைக் காலையில் முதல் ஆளாக வந்து தேடலாம் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தான்.

"நாளைக் காலை வரைக்கும் அது இருக்காது" என்றாள் தமயந்தி.

அவன் சாலையின் மறுபக்கம் இறங்கி முட்புதர்களை விலக்கித் தேட ஆரம்பித்தான். அவன் சட்டை கிழிகிற சத்தம் குழாய் வரைக்கும் கேட்டது.

தமயந்திக்கு அழைத்து அழைத்துக் குரல் கம்மிப் போயிருந்தது. அவள் கூண்டைக் கொண்டுவந்து சாலை ஓரத்தில் வைத்தாள். அதன் கதவைத் திறந்துவிட்டு, நான்கு முழம் தள்ளித் தரையில் உட்கார்ந்துகொண்டாள். எங்கோ கடமான் ஒன்று மிரண்டு குரல் கொடுத்தது. பறவைச் சத்தமெல்லாம் ஒரே சமயத்தில் நின்றது. தமயந்தி திடுக்கிட்டுக் காட்டைப் பார்த்தாள். ஆனால் எழுந்திருக்கவில்லை.

வெல்லம் குழாயின் மறுபக்க வாய் வரைக்கும் வந்து அவளையே பார்த்தது. அப்போது மேலேயிருந்து பிஸ்கட் துகள்கள் உதிர்ந்தன. நிமிர்ந்தால் கிளையில் குரங்கு.

"அண்ணா, என்னைக் காட்டில் விட்டுப் போகத்தானே வந்தார்கள்? நான் காட்டில்தான் இருக்கிறேன். கார் காலியாக நிற்கிறது. இன்னும் ஏன் போகாமல் இருக்கிறார்கள்?" என்று வெல்லம் கேட்டது.

குரங்கு வெறும் பையை உதறிப் பார்த்துக் கீழே போட்டது.

"அது உன் பாடு. சிறுத்தை வருகிற நேரம். நான் உச்சிக்குப் போகிறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளைக்குக் கிளை தாவி மறைந்தது.

வெல்லத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கி என்ன? குழாய்க்கும் கூண்டுக்கும் நடுவில் சாலையின் முழு அகலமும் கிடந்தது. ஒரு காலை வைத்தது. பின்வாங்கியது. பிறகு கண்ணை மூடிக்கொள்ளாத குறையாக ஓடியது.

பாதிச் சாலையில், வளைவைத் திரும்பி ஒரு லாரி வந்தது. விளக்கு முகத்தில் அடித்ததும் வெல்லத்தின் கால்கள் அங்கேயே ஒட்டிக்கொண்டன. தமயந்தி எழப் போனாள். தான் பாய்ந்தால் அது லாரிக்கு அடியில்தான் பாயும் என்று தெரிந்து, இரண்டு கையாலும் தரையைப் பற்றிக்கொண்டு அப்படியே இருந்தாள். வனக்காவலர் சாலை நடுவே போய்க் கையைக் காட்டினார். லாரி கிறீச்சிட்டு நின்றது.

"ஒண்ணுமில்லடி. வா" என்றாள் தமயந்தி, குரலே இல்லாத குரலில்.

வெல்லம் வந்தது. தானாகவே கூண்டுக்குள் போய், திரும்பி உட்கார்ந்தது. தமயந்தி கொக்கியை மாட்டி, சரியாக மாட்டியிருக்கிறதா என்று மூன்று தடவை இழுத்துப் பார்த்தாள்.

காட்டு முனையில் தடுப்பு பாதி இறங்கியிருந்தது. அங்கிருந்த காவலர் இளங்கோவனின் கிழிந்த சட்டையையும் தமயந்தியின் மடியில் இருந்த கூண்டையும் பார்த்துவிட்டுத் தடுப்பைத் தூக்கினார்.

பை போய்விட்டதால் காரில் யாருக்கும் சாப்பிட ஒன்றும் இல்லை. பூபதிக்கு நல்ல பசி. ஆனாலும் அது கோபப்படவில்லை. கூண்டின் கம்பியில் மூக்கை வைத்து, ஏன் ஓடினாய் என்று கேட்டது.

"நம்மைக் கைவிடப் போகிறார்கள் என்று ஒரு குரங்கு சொன்னது. சோறு வைக்காதது, சாமானை எடுத்துப் போனது எல்லாவற்றையும் சரியாகச் சொன்னது."

பூபதி யோசித்தது.

"காட்டுக் குரங்குக்கு நம் வீட்டில் நடந்ததெல்லாம் எப்படித் தெரியும்?"

வெல்லம் குரங்கு கேட்ட கேள்விகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தது. கார் இரண்டு வளைவு தாண்டிய பின்புதான் அதற்குப் பதில் வந்தது.

"நான்தான் சொன்னேன்."

நீதி: அஞ்சிய நெஞ்சுக்கு வஞ்சகன் சொல்லும் மெய்போல் கேட்கும்; ஆராய்ந்த பின்பே நம்பு.