திரைக்குப் பின்னால் ஒரு சிரிப்பு

அன்று கொன்றையூர் அரசவையில் இருந்தவர்கள்: அரசர் மணிமார்த்தாண்டர் ஒருவர், அமைச்சர் தில்லைநாயகம் ஒருவர், தளபதி ஒருவர், புலவர்கள் நால்வர், அதிகாரிகள் ஆறு பேர், ஊர்ப் பெரியவர்கள் பதினொருவர், வாயில் காவலர் இருவர், புது விகடன் இருளப்பன், பழைய விகடனாகிய நான். ஆக இருபத்தெட்டுப் பேர்.

இருளப்பன் வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. என் நடையை நடந்து காட்டுவான். என்னைப் போல இருமுவான். என் இருமலுக்கு நான் இருமியபோது கிடைக்காத பெயர், அவன் இருமியபோது கிடைத்தது.

அமைச்சர் மெல்ல ஆரம்பித்தார். "அரசே, வேடிக்கை என்றால் இக்காலத்து வேடிக்கைதான். குழந்தையப்பர் சொல்வதெல்லாம் ஊசிப்போன சோறு."

"அப்படியா, குழந்தையப்பரே?" என்றார் அரசர்.

"ஊசவில்லை அரசே. கொஞ்சம் ஆறியிருக்கிறது" என்றேன்.

"சரி, இன்றே பார்த்துவிடுவோம். பழைய வேடிக்கை உயர்ந்ததா, புதியதா? அதிகம் பேரைச் சிரிக்க வைப்பவர் இருக்கட்டும். தோற்றவர் அரண்மனை வீட்டைக் காலி செய்யட்டும்."

அந்த வீட்டை விட்டால் எனக்குப் போக இடம் கிடையாது.

எங்கள் சபையின் வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். அமைச்சரின் கண் எப்போதும் அரசரின் உதட்டில் இருக்கும். உதடு அசைந்தால் அமைச்சர் சிரிப்பார். அமைச்சரைப் பார்த்துத் தளபதி, தளபதியைப் பார்த்துப் புலவர்கள், பிறகு மற்றவர்கள். அரசரின் உதடோ சில நாட்களாக இருளப்பன் பக்கம் சாய்ந்திருந்தது.

ஆகவே ஒரு யுக்தி செய்தேன்.

"அரசே, தங்களைப் பார்த்துச் சபை சிரித்தால் போட்டி நியாயமாக இருக்காது. தாங்கள் திரைக்குப் பின்னால் அமர்ந்தருள வேண்டும்."

அரசர் சம்மதித்தார். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். என் வேடிக்கை தன் காலிலேயே நிற்கும் என்று நம்பினேன்.

முந்நூற்றுப் பன்னிரண்டு முறை சொல்லிச் சிரிப்பு வாங்கியதையே எடுத்தேன். "ஒருவன் மாமனார் வீட்டுக்கு விருந்துக்குப் போனான். பத்து நாளாகியும் கிளம்பவில்லை. மாமியார் கேட்டாள்: 'மாப்பிள்ளை, உங்கள் ஊரில் மழை உண்டா?' 'தெரியவில்லையே அத்தை' என்றான். 'ஐயோ, தெரியாமல் எப்படி? போய்ப் பார்த்துவிடுங்களேன்!' என்றாள்."

ஒரு சத்தமும் இல்லை. எல்லாரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையில் ஒரு மயில் வரைந்திருந்தார்கள். அதுவும் சிரிக்கவில்லை.

இருளப்பன் முன்னால் வந்தான். "குழந்தையப்பர் நேற்று ஒரு வேடிக்கை சொன்னார். ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். விசாரித்தால், போன வருடம் சொன்ன வேடிக்கை அவருக்கு அப்போதுதான் புரிந்ததாம்!"

அதற்கும் சத்தமில்லை. எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது. வீட்டை நினைத்து அடக்கிக்கொண்டேன். இருளப்பனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "பெரியவரே, இவர்களுக்கு என்ன ஆயிற்று?" என்று என் காதில் கேட்டான்.

அப்போது திரைக்குப் பின்னால், "ஹ்... ஹ்... ஹ்..." என்று சத்தம் கேட்டது.

அமைச்சர் வெடித்துச் சிரித்தார். தளபதி தொடையில் தட்டினார். புலவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். அதிகாரிகள் ஆறு பேரும் ஊர்ப் பெரியவர்கள் பதினொருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"ஹச்!" என்று தும்மி முடித்து, அரசர் திரையை விலக்கினார்.

"எதற்குச் சிரித்தீர்கள் அமைச்சரே?"

"இருளப்பனின் வேடிக்கைக்கு, அரசே."

"அவன் சொல்லி முடித்து வெகுநேரம் ஆயிற்றே!"

"அதன் நயம் மெதுவாகத்தான் இறங்கிற்று, அரசே."

அரசர் என் பக்கம் திரும்பினார். "நீர் சொல்லும். எது வென்றது? பழையதா, புதியதா?"

"அரசே, பழைய வேடிக்கைக்குச் சிரித்தவர் ஒருவருமில்லை. புதியதற்கும் ஒருவருமில்லை. தங்கள் தும்மலுக்கு இருபத்து மூன்று பேர். நியாயப்படி நானும் இருளப்பனும் வீட்டைக் காலி செய்கிறோம். விகடர் பதவியைத் தாங்களே ஏற்றுக்கொள்ளுங்கள்."

அரசர் வாய்விட்டுச் சிரித்தார். இம்முறை சபை அசையவில்லை. இதுவும் தும்மலாகிவிடுமோ என்று பயம்.

"இருவரும் இருங்கள். வீடும் இருக்கட்டும்" என்றார் அரசர். பிறகு சபையைப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் வேடிக்கை கேட்கப் போகிறேன். விருப்பமுள்ளவர்கள் மட்டும் இருக்கலாம். போகிறவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை."

அமைச்சருக்குச் சட்டென்று ஓர் அவசர வேலை நினைவுக்கு வந்தது. அவரைப் பார்த்துத் தளபதிக்கு, தளபதியைப் பார்த்துப் புலவர்களுக்கு, பிறகு மற்றவர்களுக்கு. இருபத்து மூன்று பேரும் வெளியேறினார்கள்.

மீதி ஐந்து பேர். அதில் காவலர் இருவர். வாயிலை விட்டு நகர அவர்களுக்கு அனுமதியில்லை. இருளப்பனும் நானும் பிழைப்புக்காக நின்றோம். அதையும் கழித்தால், வேடிக்கை கேட்க மீதி ஒருவர்.