யாருடைய சிட்டிகை?

காட்டுக் குளத்தில் தண்ணீர் குடிக்க இறங்கிய யானை அம்பாரிக்கு விக்கல் பிடித்துக்கொண்டது. காலையில் ஏழு பலாப்பழங்களை அவசர அவசரமாக விழுங்கியதன் பலன்!

"ஹிக்!"

கரை அதிர்ந்தது. தவளைகள் திசைக்கொன்றாகத் தெறித்தன. குரங்கு வாய்க்குக் கொண்டுபோன நாவல்பழம் அதன் மூக்கில் போய் அடைத்துக்கொண்டது.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தூக்கணாங்குருவி மஞ்சினி மட்டும் சிரிக்கவில்லை. குளத்தின் மேல் சாய்ந்திருந்த ஈச்சமரத்தில் அதன் கூடு தொங்கியது. உள்ளே மூன்று முட்டைகள். கூட்டை ஐந்து நார்கள் தாங்கிக்கொண்டிருந்தன. அடுத்த விக்கலில் ஒன்று அறுந்து நான்கானது!

"அண்ணே, என் குஞ்சுங்க இன்னும் முட்டையவிட்டே வரல! கொஞ்சம் தள்ளிப் போயிடுங்க!" என்று கெஞ்சியது மஞ்சினி.

"மாட்டேன்னா சொல்றேன் தாயி? ஹிக்! நாலு காலும் சேத்துல மாட்டிக்கிச்சு. ஒவ்வொரு விக்கலுக்கும் ஒரு சாண் உள்ள எறங்குறேன்!"

மூன்று நார்கள்தான் மிச்சம். மஞ்சினி வைத்தியரிடம் பறந்தது.

வைத்தியர் என்றால் அணில் கீச்சான்தான். எலி, ஓணான், தேன்சிட்டு எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து கொடுக்கும். திப்பிலியை இளஞ்சூட்டில் வறுத்து, இடித்து, சிலந்தி வலையில் சலித்து, ஒரு சுரைக்குடுக்கை நிறைய வைத்திருந்தது. கைராசிக்காரர் என்ற பெயரும் இருந்தது. அந்தப் பெயரைத் தன் வாயாலேயே தினமும் நான்கு முறை சொல்லிக்கொள்ளும்.

"விக்கல்தானே? திப்பிலிப் பொடி, மயிலிறகுச் சாம்பல், ஒரு சொட்டுத் தேன். கூப்பிடு மயிலை!" என்று குடுக்கையைத் தூக்கிக்கொண்டு குளக்கரைக்கு ஓடிவந்தது கீச்சான்.

"என் தோகையையா கொளுத்தப் போறீங்க?" என்று மயில் அலறியது.

"உதிர்ந்த இறகு ஒண்ணு போதும்யா!"

"அதுவும் என் இறகுதானே!" என்று முணுமுணுத்துக்கொண்டே மயில் ஒன்றைக் கொடுத்தது. கரடி ஒரு முழுத் தேனடையோடு வந்தது. அணில் அதிலிருந்து ஒரே ஒரு சொட்டு எடுத்தது. குடுக்கையிலிருந்து தன் விரல்களால் ஒரு சிட்டிகை பொடி எடுத்தது. சாம்பலைச் சேர்த்துக் குழைத்து, தும்பிக்கையில் ஏறி, அம்பாரியின் நாக்கில் தடவியது.

"ம், கொடுங்க வைத்தியரே," என்றது அம்பாரி.

"கொடுத்தாச்சு!"

"எப்போ? ஹிக்!"

இன்னொரு நார் அறுந்தது!

"பத்தியம் இல்லாததுதான் காரணம்," என்றது அணில். "ஒரு மண்டலத்துக்குப் பலா கூடாது, கரும்பு கூடாது, மூங்கில் குருத்து கூடாது!"

"அப்புறம் நான் சாகுறதுக்கு விக்கல் எதுக்கு? ஹிக்!"

கடைசி நாரில் கூடு கிறுகிறுவென்று சுற்றியது. மஞ்சினிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"வைத்தியரே, கொஞ்சம் கூட்டிக் கொடுங்க!"

"அளவு மீறக்கூடாது! என் அப்பாவும் ஒரு சிட்டிகை, தாத்தாவும் ஒரு சிட்டிகை. ஒரு சிட்டிகைன்னா ஒரு சிட்டிகைதான்!"

"சரி, ஒரு சிட்டிகையே இருக்கட்டும். யாரோட சிட்டிகை? ஓணானுக்கு உங்க விரல் சரி. அண்ணனுக்கு அண்ணன் விரல்தானே சரி!"

அணில் வாயைத் திறப்பதற்குள் அம்பாரி தும்பிக்கை நுனியால் ஒரு சிட்டிகை எடுத்தது. குடுக்கை காலி!

"என் ஒரு வருஷப் பொடி!" என்று அணில் மார்பில் அடித்துக்கொண்டது. அம்பாரி மீதிச் சாம்பலையும் சேர்த்து, தேனடையோடு ஒரே வாயில் விழுங்கியது.

எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். விக்கல் வரவில்லை. அப்புறமும் வரவில்லை. நின்றே விட்டது!

ஆனால் அம்பாரியின் கண்கள் கலங்கின. தும்பிக்கை மெல்ல மேலே எழுந்தது, நேராகக் கூட்டைப் பார்த்து.

"அய்யோ, தும்மல்! அண்ணே, அந்தப் பக்கம் திரும்புங்க!" என்று கத்தியது மஞ்சினி.

அம்பாரி தலையை மட்டும் கரைப்பக்கம் திருப்பியது.

"ஹச்ச்ச்!"

தும்மிய வேகத்தில் அம்பாரி சேற்றிலிருந்து பொளக்கென்று பிடுங்கிக்கொண்டு வந்தது. கரையில் காலிக் குடுக்கையோடு நின்ற கீச்சான், குடுக்கையும் தானுமாகப் பறந்துபோய்க் கரடியின் தலையில் விழுந்தது. கூடு ஊஞ்சலாடியது. நார் தாங்கியது! மஞ்சினி அதைக் கட்டிக்கொண்டு விக்கி விக்கி அழுதது, பிறகு சிரித்தது, உடனே புது நார் கிழிக்கப் பறந்தது.

கரடித் தலையிலிருந்து மெல்லிய சத்தம் ஒன்று கேட்டது.

"கிக்!"

பயத்தில் வைத்தியருக்கே விக்கல்!

அம்பாரிக்கு நன்றி மறக்கத் தெரியாது. குடுக்கையின் அடியில் ஒட்டியிருந்த பொடியை எல்லாம் தும்பிக்கை நுனியில் வழித்தெடுத்து, அதில் ஒட்டியிருந்த தேன் வழிய வழிய, ஆசையோடு நீட்டியது.

"வாயத் தொறங்க வைத்தியரே! ஒரே ஒரு சிட்டிகை!"

"வேணாம் அண்ணே! கிக்! என் விரல்! என் சிட்டிகை!" என்று அலறிக்கொண்டு கீச்சான் கரடியின் காதுக்குள் ஒளிந்துகொண்டது.

மருந்தைக் கொடுக்கிறவர் கையால் அளக்காமல், குடிக்கிறவர் உடம்பைப் பார்த்து அளக்க வேண்டும்.