ஃபேனை நிறுத்திய மதியம்

சாத்தூரில் மெஷின் ரிப்பேர் கடை வைத்திருக்கும் வின்சி டீச்சருக்கு வயது முப்பத்தாறு. அவரிடம் தொழில் கற்க வந்த பூவலிங்கத்துக்கு ஐம்பத்தொன்பது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தக் கணக்கைப் பார்த்து ஊர்தான் சிரித்தது. அவர்கள் இருவரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

ஒரு மே மாத மதியம், ஒரு ஆக்சிஜன் மெஷின் மூன்றாவது முறையாகக் கடைக்கு வந்தது. தூக்கி வந்த சங்கரபாண்டிக்கு முகமே சரியில்லை.

"வீட்டுல அரை மணி நேரந்தான் ஓடுது. அப்புறம் கூவிட்டு நின்னுருது. அம்மாவுக்கு இப்போ சிலிண்டர் வச்சிருக்கோம். அது எட்டு மணி வரைக்குந்தான் வரும்."

பூவலிங்கத்துக்கு வெட்கமாக இருந்தது. நல்லா ஓடுது என்று இரண்டு முறையும் சொல்லி அனுப்பியவர் அவர்தான். முதல் முறை, தலை உப்பிய கெப்பாசிட்டரை மாற்றினார். அடுத்த முறை, அதன் பக்கத்தில் இருந்த இரண்டை. மாற்றியபின் மேஜையில் இரண்டு மணி நேரம் ஓட்டியும் பார்த்தார்.

இப்போதும் மூடியைக் கழற்றி ஒவ்வொன்றாக மீட்டரில் பார்த்தார். கடைசியில் மீட்டரைக் கீழே வைத்துவிட்டார்.

"எல்லாம் சரியான அளவுதான் காட்டுது டீச்சர். கெட்டுப்போனதை எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?"

டீச்சர் சங்கரபாண்டி பக்கம் திரும்பினார்.

"அம்மா ரூம்ல ஃபேன் ஓடுமா?"

"இல்லைங்க. காத்து பட்டா இருமல் வந்துரும். போடுறதே இல்ல."

டீச்சர் எழுந்துபோய், மேஜைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனை நிறுத்தினார். மீட்டரின் வயர்களை மட்டும் வெளியே விட்டு மெஷினை மூடினார். சுவிட்சைப் போட்டார். மீட்டரில் பன்னிரண்டு வோல்ட் நின்றது.

"உட்காருங்க அண்ணாச்சி."

மே மாதம், சாத்தூர், தகரக் கூரை. இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. பத்தாவது நிமிடம் பூவலிங்கத்தின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இருபதாவது நிமிடம் அவர் கை தானாக ஃபேன் சுவிட்சுக்குப் போனது.

"அண்ணாச்சி" என்றார் டீச்சர்.

கை இறங்கியது.

முப்பத்தைந்தாவது நிமிடம் பன்னிரண்டு பதினொன்றாயிற்று. பிறகு பத்து. மெஷின் கூவிவிட்டு நின்றது.

"இதேதான்!" என்றார் சங்கரபாண்டி.

பூவலிங்கத்துக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்தவர் மெஷின் நின்றதில் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

டீச்சர் மூடியைத் திறந்து மறுபடி ஓட்டினார். மீட்டர் பத்தைத் தாண்டவில்லை. குளிர வைக்கும் ஸ்பிரேயை எடுத்து, ஒவ்வொரு கெப்பாசிட்டர் மேலும் கொஞ்சமாக அடித்தார். ஒன்றும் நடக்கவில்லை. ஓரத்தில் ஒன்று, உப்பாமல் வழியாமல் புதிதுபோல நின்றது. அதில் அடித்ததும் பன்னிரண்டு திரும்பி வந்தது.

"மீட்டர் இதையும் சரின்னுதானே சொல்லுச்சு?" என்றார் பூவலிங்கம்.

"ஆறிக் கிடக்கும்போது சொல்லுச்சு. சூடேறினா கரண்டைக் கசிய விடுது."

புதியதைப் பூவலிங்கமே வைத்தார். பிளஸ், மைனஸ் பக்கத்தை இரண்டு முறை பார்த்துவிட்டு ஈயத்தால் பற்றவைத்தார். மெஷினை மூடி ஓடவிட்டார்.

முப்பத்தைந்து நிமிடம் போனது. நாற்பதும் போனது. மீட்டர் அசையவில்லை. சங்கரபாண்டி எழுந்து மெஷினைச் சுற்றிக் கொண்டுவந்த துணியை உதறினார். பூவலிங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஃபேன் சுவிட்ச் அருகே போய் நின்றார்.

"இன்னும் எவ்வளவு நேரம் பார்க்கணும் டீச்சர்?"

டீச்சர் மீட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்த அம்மா எவ்வளவு நேரம் ஃபேன் இல்லாம படுத்திருக்காங்க அண்ணாச்சி?"

பூவலிங்கம் ஸ்டூலை இழுத்து மெஷின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.