நாலெழுத்துப் பலகாரம்

நூற்பாலைக் கிடங்கில் பல வருஷம் இருந்த தணிகாசலம், கணினி அறைக்கு மாற்றலாகி வந்தார். அங்கே அவருக்குக் குரு மெஹருன்னிசா. அவரைவிட வயதில் ரொம்பச் சின்னவர்.

வந்ததும் ஒரு சிக்கல். கேன்டீன் டோக்கனில் என்ன அச்சாகிறதோ அதைத்தான் சமைப்பார்கள். வியாழன்தோறும் உப்புமா. பாதிப் பேர் அதைத் தொடாமல், வெறும் வயிற்றோடு மெஷின் முன்னால் நின்றார்கள். பொங்கலாக மாற்றச் சொன்னார் மேனேஜர்.

"மேடம், இந்த டோக்கன் புரோகிராமை எழுதினவர் வேலையை விட்டுப் போயிட்டார். அவர் எழுதின மூல வரிகள், அந்த சோர்ஸும் இல்லை. மெஷினுக்கு மட்டும் புரியுற மாதிரி கம்பைல் பண்ணின ஆப்ஜெக்ட்தான் இருக்கு. எப்படி மாத்துறது?"

"அதைத் திறந்து மாத்துற மாதிரி நீங்களே ஒரு புரோகிராம் எழுதுங்க. முதல்ல ஒரு நகல் எடுத்து வைங்க."

தணிகாசலம் எழுதினார். உப்புமா என்று ஆங்கிலத்தில் இருந்த நாலெழுத்தைத் தேடிப்பிடித்து, அதன்மேல் பொங்கலின் ஆறெழுத்தை ஏற்றினார்.

வியாழன் காலை எல்லா டோக்கனிலும் பொங்கல் வந்தது. பெயரை ஒட்டியிருந்த கவுண்டர் எண்ணைக் காணோம். கடைசி இரண்டெழுத்து அதை விழுங்கியிருந்தது. மொத்த ஷிப்டும் முதல் கவுண்டரில் போய் முட்டி மோதியது.

தணிகாசலத்துக்கு முகம் தொங்கிப் போயிற்று. பழைய நகலைத் திரும்ப ஏற்றினார்.

"அப்போ உப்புமாதானா மேடம்?"

"வாங்க" என்று குரு அவரைக் கேன்டீனுக்கு அழைத்துப் போனார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களிடம், "நாலெழுத்துல ஒரு பலகாரம் சொல்லுங்க. இங்கிலீஷ்ல நாலு" என்றார்.

"இட்லி!"

"அது திங்கக்கிழமை."

"பூரி!"

"அதுக்கு அஞ்சாச்சே" என்றார் தணிகாசலம், விரல் விட்டு எண்ணி.

"ரெண்டு ஓவுக்குப் பதிலா ஒரு யு போடுங்க சார், நாலுதான்!" என்று ஒருத்தி கத்தினாள். கேன்டீனே கை தட்டியது.

அடுத்த வியாழன் டோக்கன் சரியாக வந்தது. பூரி, பக்கத்தில் கவுண்டர் எண். தணிகாசலத்துக்குத் தலைகால் புரியவில்லை. டோக்கனை ஆட்டிக்கொண்டே, கேன்டீனில் உட்கார்ந்திருந்த குருவிடம் ஓடினார்.

"ஒரு எழுத்துகூட நகரலை மேடம்! அடுத்து நான் என்ன கத்துக்கணும்?"

சமையல்கட்டிலிருந்து மாஸ்டர் செல்லாண்டியின் குரல் கேட்டது. "எந்தப் புண்ணியவான்டா பூரின்னு போட்டது? இத்தனை பேருக்கும் யாரு தேய்க்கிறது?"

குரு எழுந்து சேலை முந்தானையைச் செருகிக்கொண்டார்.

"தேய்க்க. கையைக் கழுவிட்டு வாங்க."