மூடுபனி மேல ஓடின ஜீப்

ஒச்சப்பன் வாயைத் திறந்தால் பொய் வரும் என்று கம்பம் ஜீப் ஸ்டாண்டில் யாரும் சொல்ல மாட்டார்கள். பொய் என்றால் கொஞ்சமாவது நம்பும்படி இருக்க வேண்டும். ஒச்சப்பன் விடுவது புளுகு. முப்பத்தோரு வருஷமாக ஏலக்காய் எடுக்கும் பெண்களைத் தன் ஜீப்பில் அள்ளிக்கொண்டு காலையில் குமுளி மலை ஏறுவார், சாயங்காலம் இறங்குவார். வழியெல்லாம் அவர் விட்ட புளுகில் சிரித்தபடியே அந்தப் பெண்கள் வாந்தி எடுக்காமல் வளைவுகளைத் தாண்டினார்கள்.

அன்றைக்கு அவர் கச்சேரி நடந்தது மதுரைக்கு வெளியே, பழைய வண்டிகளை உடைக்க அரசு அனுமதி கொடுத்திருந்த ஒரு யார்டில். அங்கே பழைய வண்டியை ஒப்படைத்தால் ஒரு சான்றிதழ் தருவார்கள். அதைக் காட்டினால் புது வண்டிக்கு வரியில் சலுகை உண்டு. அதை நம்பித்தான் ஒச்சப்பனின் தங்கை புருஷன் சுருளிவேல் புது ஜீப் பேசி வைத்திருந்தான். திங்கட்கிழமை புது வண்டி வரவில்லையென்றால் ட்ரிப்பை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று எஸ்டேட்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். அன்றைக்கு வெள்ளிக்கிழமை, கவுண்டர் நாலு மணிக்கு மூடிவிடும். பழைய ஜீப்பின் ஆர்.சி. மச்சான் ஒச்சப்பன் பெயரில் இருந்தது. மச்சான் ஒரே ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

மச்சானோ பேனாவை வாங்கிக் காதில் செருகிக்கொண்டு பெஞ்சில் சம்மணம் போட்டுவிட்டார்.

"கயிறு கட்டித்தான இழுத்துட்டு வந்தீங்க?" என்று கேட்டார் ஞானதுரை. பள்ளிக்கூட வேன் ஒன்றை ஒப்படைக்க வந்து காத்திருந்தவர் அவர்.

வண்டி ஆண்டிபட்டி கணவாயில் மூச்சை விட்டதும், வாழைத்தார் ஏற்றிய மினி லாரிக்காரன் ஒருவன் பரிதாபப்பட்டு இழுத்து வந்ததும் சுருளிவேலுக்குத் தெரியும். ஒச்சப்பனுக்கு மட்டும் தெரியவில்லை.

"அண்ணே, நல்லாப் பாத்துப் பேசணும். அந்த லாரியைப் பின்னாலருந்து தள்ளிட்டு வந்ததே எங்க வண்டிதான். தள்ளுன வேகத்துல அவன் தறிகெட்டு ஓடிரக் கூடாதுல்ல? அதுக்குத்தான் கயிறு."

"மச்சான், கையெழுத்து" என்றான் சுருளிவேல்.

"போடுறேன் மாப்ள. கையி எங்கயும் போயிராது. கேளுங்கண்ணே, ஒரு தீபாவளிக்கு மொத நாளு, அறுபத்து மூணு பேரை ஏத்துனேன்."

"நாயன்மாருகளையா?"

"பொம்பளையாளுக. ஆளுக்கொரு ஏலக்காய் மூட்டை. பத்தாததுக்குச் செனை ஆடு ஒண்ணு. ஏறுறப்ப ஒரு ஆடு, எறங்கறப்ப மூணு ஆடு. குட்டிகளுக்கு நான் டிக்கெட்டே கேக்கல."

கவுண்டருக்குள் கம்ப்யூட்டரில் எதையோ தட்டிக்கொண்டிருந்த பர்வீன் தலையைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு ஆள் கூடுதலாகக் கேட்கிறது என்றால் ஒச்சப்பனுக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி.

"ஒருக்கா மூடுபனி, தாயி. நம்ம மூக்கு நமக்குத் தெரியாது. வளைவு எங்க இருக்குன்னு பிடிபடல, நேரா விட்டுட்டேன். வண்டி பாட்டுக்கு அலுங்காம குலுங்காம போகுது. என்னடா ரோட்டுல குழியே இல்ல, நம்ம ரோடாச்சேன்னு சந்தேகம். பனியில லேசா ஒரு ஓட்டை. எட்டிப் பாத்தா, எரநூறு அடிக்குக் கீழ பஸ்ஸு போகுது. பனி மேல போய்க்கிட்டிருக்கேன்."

"பிரேக் போட்டீங்களா?" என்று கேட்டாள் பர்வீன்.

"போடுவனா? நின்னா கீழல்ல போகணும். வெயில் வர்றதுக்குள்ள எஸ்டேட்டுல கொண்டுபோய் எறக்கிட்டேன்."

"டயர் தடம் இருந்திருக்குமே" என்றார் ஞானதுரை, மடக்கிவிட்ட தெம்பில்.

"இருந்துச்சு. மறுநாளு அந்தத் தடத்தைப் பாத்து ஒரு பஸ்ஸே வந்துருச்சு. நாந்தான் கண்டக்டரைத் திட்டி அனுப்பினேன், பெர்மிட் இல்லாத ரூட்டுல என்னய்யா வேலைன்னு."

மணி மூன்றே கால். சுருளிவேல் கையெழுத்துப் போட வேண்டிய பாரத்தை எடுத்து மச்சான் மடியில் வைத்தான். அவர் அதை மடித்து விசிறிக்கொண்டார்.

"இன்னொரு தடவை மலையில டீசல் தீந்துபோச்சு. பொம்பளைக தூக்குவாளியில ஏலக்காய் டீ இருந்துச்சு, வாங்கி ஊத்துனேன். மூணு நாளு ஓடுச்சு. பொகை பூராம் ஏலக்காய் மணம். போடி வழியா வந்தா, ஏலக்காயை ஏலம் விடுற மையத்துக்காரவுக ரோட்டுக்கு ஓடியாந்து பொகைக்கு வெலை கேக்குறாக. முதல் ரகம்னு எழுதியே குடுத்துட்டாக."

கேட்பவர் கேனையராக இருந்தால் கேப்பையில் நெய் வடியும். பர்வீன் கேனை இல்லை. பாரத்துக்காகக் கையை நீட்டினாள்.

"இவ்வளவு நல்லா ஓடுற வண்டியை எதுக்குங்க ஐயா உடைக்கணும்? தகுதிச் சான்று எடுத்து நீங்களே ஓட்டலாமே. ஆர்.சி. பேப்பரைத் திருப்பித் தந்துரவா?"

ஒச்சப்பன் முகம் மலர்ந்துவிட்டது. "கேட்டியா மாப்ள. படிச்ச பிள்ளை சொல்லுது. வா, வீட்டுக்குப் போவோம்."

சுருளிவேலுக்கு உயிரே போய்விட்டது. அவன் பொய் சொல்லிப் பழகாதவன். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோதே தன் வயதில் ஒன்றைக்கூடக் குறைத்துச் சொல்லாதவன். ஆனால் திங்கட்கிழமை கண் முன்னால் நின்றது.

"மேடம், அது வண்டியே இல்ல. குமுளியில பிரேக் அமுக்குனா கம்பத்துல நிக்கும். திங்கக்கெழமை ஸ்டியரிங்கை ஒடிச்சா புதன்கெழமை திரும்பும். தரையில தகரமே இல்ல. உள்ள உக்காந்திருக்க பொம்பளைக காலைக் கீழ விட்டு ஓடித்தான் வண்டியே மலை ஏறுது. வருசத்துக்கு ஆளுக்கு ஆறு சோடி செருப்புத் தேயுது."

ஒச்சப்பன் சுருளிவேலைத் திரும்பிப் பார்த்தார். தன் வண்டியைப் பழித்த கோபம் ஒரு பக்கம். முப்பத்தோரு வருஷம் தனியாகப் புளுகியவனுக்கு வீட்டிலேயே போட்டிக்கு ஆள் வந்த பெருமை இன்னொரு பக்கம்.

"ஆறு சோடி சாஸ்தி மாப்ள" என்றார் மெதுவாக. "நாலுன்னு சொல்லிருக்கலாம்."

"ரெண்டு பேர் கதையும் வேணாம்" என்றாள் பர்வீன். "அதோ அந்தக் கொட்டகை வரைக்கும் ஓட்டிக் காட்டுங்க. ஓடுச்சுன்னா வீட்டுக்குக் கொண்டு போங்க."

கொட்டகை முப்பது அடி தூரத்தில் இருந்தது. ஒச்சப்பன் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். ஜீப் ஒரு தும்மல்கூடப் போடவில்லை. இன்னொரு தடவை திருகினார். ஞானதுரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அவர் இறங்கி பானட்டின் மேல் கையை வைத்தார். அந்த ஜீப்பைப் பற்றிய ஒரு கதையை மச்சான் எங்கேயும் சொன்னதில்லை. எஸ்டேட் லயக் குடியிருப்பில் தங்கச்சிக்கு, அதாவது சுருளிவேலின் மனைவிக்கு, பிரசவ வலி எடுத்த அன்று, இரண்டாவது கியர் மட்டுமே விழுந்த வண்டியைக் கொட்டுகிற மழையில் இறக்கிக் கம்பம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அது நடந்த கதை என்பதால் அதை அவர் சொல்வதில்லை.

"வண்டி மேல குத்தம் இல்ல தாயி" என்றார் ஒச்சப்பன். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. "நீ உடைக்கணும்னு சொன்னது அது காதுல விழுந்துருச்சு. மனுசனைக் காட்டிலும் புத்தி அதுக்கு. ரோசத்துல நிக்குது."

பர்வீன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலுக்கு ஐந்து நிமிஷம்.

"அவ்வளவு புத்தி இருந்தா, அதையே கையெழுத்துப் போடச் சொல்லுங்க ஐயா. கவுண்டரை மூடப் போறேன்."

ஞானதுரை சிரித்துவிட்டார். சுருளிவேல் சிரிக்கவில்லை. ஒச்சப்பன் பானட்டை ஒருமுறை தடவிக் கொடுத்தார். பிறகு காதிலிருந்து பேனாவை எடுத்து, மடித்த பாரத்தைப் பிரித்து, அந்த பானட்டின் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"அது போடும் தாயி. ஆனா, மலையை ஜெயிச்ச வண்டி, தோத்துட்டேன்னு எழுதுன பேப்பர்ல கையெழுத்துப் போட்டா நல்லாருக்காது பாரு. அதான் நான் போட்டேன்."