ஏசிக்குள் ஏறிய மூடுபனி

பனிக்கும் வண்டிக்கும் மனிதரோடு பேச்சுவார்த்தை இருந்த அந்தக் காலத்தில், வால்பாறை மலையில் ஒரு மூடுபனி இருந்தது. ஆனி, ஆடி மாதங்களில் தேயிலைச் சரிவுகள்மேல் அது உச்சிவேளை வரை படுத்துக் கிடக்கும். கொழுந்து பறிக்க வரும் பெண்கள், "இந்தா, கொஞ்சம் தள்ளிப் படு. இலையே தெரியல" என்று அதட்டுவார்கள். அதுவும் முனகிக்கொண்டே நாலடி தள்ளிப் படுக்கும். யாருக்கும் கெடுதல் நினைக்காத பனி. அதற்கு ஒரே பயம், கீழே இருக்கும் சமவெளி. மலைப்பாதையில் அடிவாரத்திலிருந்து எண்ணினால் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். அத்தனையும் இறங்கி வெயிலுக்குள் போன எந்தப் பனியும் மேலே திரும்பி வந்ததில்லை.

அந்த மலையில் ஒரு தோட்டத்தில் பேச்சித்தாய் என்பவள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வயது. பேச்சு குறைவு, கை வேகம். பனியை அதட்டாத ஒரே ஆள் அவள்தான். "அது பாட்டுக்குக் கிடக்கட்டும், எனக்குக் கை பழகிப்போச்சு" என்பாள். அதனால் அவள் பறிக்கும் செடி நிரையில் மட்டும் பனி தள்ளிப் படுக்கவே இல்லை. செடிகளோடு சேர்த்து அவளையும் போர்த்திக்கொண்டு சுகமாகக் கிடக்கும்.

ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். பேச்சித்தாய் ஒரு செடிக்குள் கையை விட்டாள். கிளைக்கு அடியில் மண்பானை அளவுக்கு ஒரு குளவிக் கூடு தொங்கியது. பனி மூடியிருந்ததால் அவள் அதைப் பார்க்கவில்லை. கை பட்டதும் கூடு உடைந்தது. முகம், கழுத்து, கை என்று இடம் விடாமல் குளவிகள் கொட்டின. அவள் போட்ட சத்தம் மூன்று நிரை தாண்டிக் கேட்டது.

முதலில் ஓடிவந்தவள் அவளுடைய நாத்தனார் உலகம்மாள். தலையில் போட்டிருந்த சாக்கை உருவி பேச்சித்தாயின்மேல் மூடி, அவளை இழுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தாள். தோட்டத்துக் கம்பவுண்டர் ஓர் ஊசி போட்டுவிட்டுத் தொண்டையைத் தொட்டுப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது.

"உள்ளேயும் வீங்குது. இங்க வச்சிருக்க முடியாது. பொள்ளாச்சி பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டு போங்க. ஒரு நிமிசம்கூட எங்கயும் நிக்காதீங்க."

நல்ல வேளையாக ஒரு வெள்ளை டாக்ஸி தோட்டத்தில் நின்றிருந்தது. பொள்ளாச்சி சம்சுதீனின் வண்டி. தோட்டத்துக்கு வந்த ஒரு விருந்தாளியை இறக்கிவிட்டுத் திரும்பக் கிளம்பிக்கொண்டிருந்தார். போன மாதம்தான் வண்டிக்கு ஏசி வைத்திருந்தார். பின்கதவைத் திறந்துவிட்டு, "ஏத்துங்கம்மா" என்றார்.

முப்பத்தெட்டாவது வளைவு வரைக்கும்தான் போக முடிந்தது. எதிரே வெள்ளைச் சுவர் வைத்தது போல மூடுபனி. விளக்கைப் போட்டார், ஹாரன் அடித்தார்.

"என் மூக்கே எனக்குத் தெரியல, சம்சு," என்றது கார். "இடது பக்கம் பள்ளம். ஒரு முழம் தப்பினா எல்லாரும் போயிருவோம். என்னால முடியாது."

பின்னால் பேச்சித்தாயின் மூச்சு விசில் மாதிரி வந்துகொண்டிருந்தது. உலகம்மாள் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "பாய், ஏதாவது பண்ணுங்க பாய்" என்று அழுதாள்.

சம்சுதீன் கதவைத் திறந்து இறங்கினார். வெள்ளையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"தாயி, வழி விடு. வண்டியில ஒரு பொண்ணு உசுருக்குப் போராடுது."

"நான் எங்க போக, பாய்?" என்றது பனி. "மேல வெயில் வந்தாச்சு. கீழ போனா நான் செத்துருவேன். இந்த ரோடு ஒன்னுதான் நிழலா இருக்கு. உச்சிவேளைக்கு நானே கலைஞ்சிருவேன். அதுவரைக்கும் பொறுக்கக் கூடாதா?"

"அதுவரைக்கும் அந்தப் பொண்ணு தாங்காது."

"யாரு அந்தப் பொண்ணு?"

"பேச்சித்தாயாம். குளவி கொட்டிருச்சு."

பனி மெல்ல நகர்ந்து வந்து காரின் பின்கண்ணாடியில் முகம் வைத்துப் பார்த்தது. வீங்கிப்போன அந்த முகம் யாருடையது என்று அதற்கு அடையாளமே தெரியவில்லை. கையைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தது. தினமும் தனக்குள் துழாவிக்கொண்டிருந்த கை.

"அந்தச் செடியில நான்தான் படுத்திருந்தேன்," என்றது. "கூடு இருந்தது எனக்குத் தெரியும். அவ கை வர்றது தெரியல. தெரிஞ்சிருந்தா நகர்ந்திருப்பேன்."

பனி கண்ணாடியிலிருந்து முகத்தை எடுத்துச் சம்சுதீன் பக்கம் திரும்பியது.

"பாய், உங்க வண்டிக்குள்ள குளிரான இடம் ஏதாவது இருக்கா? நான் அதுக்குள்ள ஒடுங்கிக்கிறேன். அப்ப ரோடு உங்களுக்குத் தெரியும்."

"இருக்கு. ஏசி இருக்கு."

"அது ஓடுற வரைக்கும் எனக்கு ஒன்னும் ஆகாதுல்ல?"

"ஆகாது. உன்னைத் திரும்ப இதே இடத்துல கொண்டுவந்து விடுற வரைக்கும் நான் ஏசியை நிறுத்த மாட்டேன். என்னைப் பெத்த அத்தா மேல சத்தியம்."

அவர் உள்ளே உட்கார்ந்து ஏசியை முழுசாகத் திருகினார். முன்கண்ணாடிக்குக் கீழே காற்று உள்ளே போகும் துளை வழியாகப் பனி நுழைந்தது. மலை அகலத்துக்குக் கிடந்த அது, கயிறு மாதிரி ஒல்லியாகி, சுருண்டு சுருண்டு உள்ளே போனது. ஏசியின் குளிர்க்குழாய்களைச் சுற்றி நெருக்கிப் பிடித்து உட்கார்ந்துகொண்டது. அடுத்த நிமிடம் ரோடு நெடுக வெயில். தூரத்தில் ஆழியாறு அணை கூடத் தெரிந்தது.

"பிடிச்சுக்கங்க," என்றது கார்.

வளைவுகள் ஒவ்வொன்றாகக் கழிந்தன. முப்பது, இருபத்தைந்து, இருபது. சம்சுதீன் வாழ்க்கையில் அப்படி ஓட்டியதில்லை. பதினைந்தாவது வளைவைத் தாண்டியபோது உலகம்மாள் பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"பாய், பேச்சிக்கு உடம்பு சில்லிட்டுப் போகுது. பல்லு கிட்டிக்குது. அந்தக் குளிரைக் கொஞ்சம் நிறுத்துங்க."

சம்சுதீன் கேட்காதது போல ஓட்டினார். கழுத்தில் இருந்த துண்டை எடுத்துப் பின்னால் நீட்டினார். உலகம்மாள் அதைப் போர்த்தினாள். தன் சேலை முந்தானையையும் போர்த்தினாள். இரண்டு வளைவு கழித்து மறுபடி கூப்பிட்டாள். இந்தத் தடவை அவள் குரல் உடைந்திருந்தது.

"பாய், உதடு நீலமாயிருச்சு. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவர் கை ஏசியின் திருகுக்குப் போனது. பாதியில் நின்றது. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டது.

"நான் வாக்குக் குடுத்துட்டேம்மா," என்றார். "நிறுத்தினா அது செத்துரும்."

உலகம்மாள் ஏசி துவாரத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே அழுதாள். "உன்னைச் சாகச் சொல்ல எனக்கு வாய் வரல, தாயி. இவளைச் சாகவிடவும் முடியல."

துவாரத்திலிருந்து பனியின் குரல் வந்தது. குளிரில் அதுவும் ஒடுங்கிப்போயிருந்தது.

"பாய், நிறுத்துங்க."

"முடியாது."

"நான்தான சொல்றேன். நீங்க குடுத்த வாக்கு என்கிட்ட குடுத்தது. நானே திருப்பித் தர்றேன், வாங்கிக்கங்க."

அப்போது கார் ஒன்பதாவது வளைவில் திரும்பியது. சம்சுதீன் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"ஒன்னு மட்டும் செய்யுங்க," என்றது பனி. "அவ பிழைச்சாளா இல்லையான்னு எனக்குச் சொல்லிவிடுங்க. அது தெரியாமப் போறதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு."

"யார்கிட்ட சொல்லிவிட? எங்க வந்து சொல்ல?"

அது பனிக்கும் தெரியவில்லை. "எப்படியாவது," என்றது.

சம்சுதீன் திருகைத் திருப்பினார். காற்றுச் சத்தம் நின்றது. அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை.

கொஞ்ச நேரத்தில் கார் மெதுவாகச் சொன்னது: "சம்சு, என் அடியில சொட்டுது."

குளிர்க்குழாய்களில் ஒட்டியிருந்த பனி துளித்துளியாக நீராகிச் சொட்டிக்கொண்டிருந்தது. ஒன்பதாவது வளைவில் தொடங்கிய சொட்டு, அணையைத் தாண்டி, தென்னந்தோப்புகளைத் தாண்டி, ஆஸ்பத்திரி வாசல் வரை நிற்கவில்லை. ஸ்ட்ரெச்சரில் பேச்சித்தாயை ஏற்றி உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது வண்டிக்கடியில் கடைசிச் சொட்டு விழுந்தது. அப்போது அவளுக்கு மூச்சு இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

பிற்பகல் மூன்று மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். "கால் மணி நேரம் பிந்தியிருந்தா நான் ஒன்னும் செஞ்சிருக்க முடியாது. இனிமே பயமில்லை," என்றார்.

உலகம்மாள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சம்சுதீன் வாசலுக்கு ஓடினார். வண்டிக்கடியில் குனிந்து, "பிழைச்சுட்டா, தாயி! பிழைச்சுட்டா!" என்றார். தரை காய்ந்திருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு வந்த வழியே போனார். ரோட்டில் எங்கேயும் ஒரு பொட்டு ஈரம் இல்லை. ஒன்பதாவது வளைவில் நிறுத்திக் கூப்பிட்டுப் பார்த்தார். காற்றுதான் பதில் சொன்னது.

"வெயில் எல்லாத்தையும் உறிஞ்சி என்கிட்ட குடுத்துட்டுது, பாய். நான் கொஞ்சத்தைப் பாலக்காட்டுப் பக்கம் கொண்டுபோனேன், கொஞ்சத்தைக் கோயம்புத்தூர் பக்கம். மிச்சம் கடல் வரைக்கும் போயிருச்சு. இனி எதைன்னு தேடுவீங்க?"

பன்னிரண்டு நாள் கழித்து பேச்சித்தாயை வீட்டுக்கு அனுப்பினார்கள். கூட்டிப்போகச் சம்சுதீனே வந்தார். அன்றைக்கு வானம் இருண்டு கிடந்தது, மழை மட்டும் இறங்கவில்லை. சட்டை முதுகோடு ஒட்டும்படியான புழுக்கம்.

"பாய், உசுரை வாங்குது. அந்த ஏசியைத்தான் கொஞ்சம் போடுங்களேன்," என்றாள் உலகம்மாள். சொல்லிவிட்டு அவளே சங்கடப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

சம்சுதீன் தயங்கினார். அந்த நாளுக்குப் பிறகு அவர் திருகைத் தொடவே இல்லை. பேச்சித்தாயின் நெற்றியில் வேர்ப்பதைப் பார்த்துவிட்டுத்தான் தொட்டார்.

குளிர்க்காற்று வந்தது. அதோடு துவாரத்திலிருந்து வெள்ளையாக ஏதோ வந்தது.

"புகை! பாய், வண்டி தீப்பிடிக்குது!" என்று உலகம்மாள் கதவைத் திறக்கப் போனாள். சம்சுதீன் வண்டியை ஓரம் கட்டினார்.

"எனக்கு ஒன்னும் ஆகல," என்றது கார். "அது புகை இல்ல. மோந்து பாரும்மா."

வெள்ளை மெல்ல நீண்டு பேச்சித்தாயின் முகத்துக்கு முன்னால் வந்து நின்றது. ஒரு கைப்பிடி அளவுதான். குரலும் அவ்வளவு சின்னது.

"பேச்சித்தாயின்னு ஒரு பொண்ணு. பிழைச்சாளா, தெரியுமா?"

நடந்ததையெல்லாம் உலகம்மாள் ஆஸ்பத்திரியில் வைத்துச் சொல்லியிருந்தாள். பேச்சித்தாய் முகத்தைக் குனிந்து பக்கத்தில் கொண்டுபோனாள். கன்னத்திலும் கழுத்திலும் தழும்புகள் இன்னும் மறையவில்லை.

"நான்தான். இங்க இருக்கேன், பாரு."

பனி அவள் தழும்புகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது.

"நான் தள்ளிப் படுத்திருக்கணும்."

"நான் தள்ளிப் படுன்னு சொல்லவே இல்லயே," என்றாள் பேச்சித்தாய். "எனக்கு உன்மேல வருத்தம் இல்ல. நீ வழி விட்டதாலதான் வீட்டுக்குப் போறேன்."

பனி அவள் கன்னத்தில் ஈரமாகக் கொஞ்சம் ஒட்டி, அப்படியே மறைந்துவிட்டது. சம்சுதீன் மூச்சை இழுத்துவிட்டார். "சொல்லிட்டோம், அல்ஹம்துலில்லா," என்றார்.

இரண்டு மைல் போயிருப்பார்கள். துவாரத்தில் மறுபடி வெள்ளை.

"பேச்சித்தாயின்னு ஒரு பொண்ணு. பிழைச்சாளா?"

மூவரும் திகைத்துப் போனார்கள். கார்தான் விளக்கியது.

"இது வேற துளி, சம்சு. இப்பச் சொன்னது அந்தத் துளிக்கு மட்டும்தான் தெரியும். வழி நெடுக எத்தனை சொட்டுச்சுன்னு எனக்கே தெரியாது. ஒவ்வொன்னும் ஒவ்வொரு காத்துல போயிருச்சு. புழுக்கமான நாள்ல காத்து கனத்து இறங்குது, அதோட அதுவும் இறங்குது. எங்கயாவது ஒரு வண்டியில ஏசியோட குளிர் பட்டா, அவ அந்த வண்டியிலதான் இருக்கான்னு நினைச்சு வந்து கேக்குது."

பேச்சித்தாய் அதற்கும் சொன்னாள். அடுத்து வந்ததற்கும் சொன்னாள். தோட்டம் போய்ச் சேருவதற்குள் பதினோரு தடவை சொன்னாள், சலிக்கவில்லை. அதற்குப் பிறகும் மலையிறங்கும்போதெல்லாம் அந்த வண்டியில்தான் ஏறுவாள், முன்சீட்டில்தான் உட்காருவாள். ஆனால் பாலக்காட்டுக்கும் கோயம்புத்தூருக்கும் கடற்கரை ஊர்களுக்கும் போன துளிகளைத் தேடி அவள் எங்கே போவாள்? அந்த ஊர்களில் வேறு வண்டிகள், வேறு ஆட்கள். பேச்சித்தாய் யாரென்றே அவர்களுக்குத் தெரியாது. பிறகு பனிக்கும் வண்டிக்கும் பேச்சு நின்றுபோன காலம் வந்தது. கேட்க வந்த துளிகளுக்கு வாயும் இல்லாமல் போனது.

அன்று முதல்தான், புழுக்கமான நாட்களில் காரில் ஏறி ஏசியைப் போட்டதும் துவாரத்திலிருந்து வெள்ளையாகப் பனி வருகிறது. நாம் புகையென்று பயந்து வண்டியை நிறுத்துவதற்குள், அது உள்ளே இருப்பவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் கலைந்துபோகிறது.